கோயில் கிணற்றுக்கும் எண்ணெய் நிலையத்துக்கும் இடையே சோதனைக் கிணறுகள் வேண்டும்

கெடா மாநிலச் சுற்றுச்சூழல் துறை இயக்குநர் அவர்களுக்கும் எங்கள் மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மூடா ஆற்றுப் படுகையில் உள்ள எங்கள் சிறுநகரில், முன்பு பால்மரங்கள் நின்ற மேட்டில் இன்று பெட்ரோல் விற்கும் ஓர் எண்ணெய் நிலையம் இருக்கிறது. அதன் கீழ்ச்சரிவில், லயன் வீடுகள் இடிக்கப்பட்ட பின்னும் எஞ்சி நிற்கும் மாரியம்மன் கோயிலும், எங்கள் பாட்டன்மார் தோண்டிய கிணறும் உள்ளன. குழாய்நீர் வந்து பல ஆண்டுகள் ஆனாலும், அபிஷேகத்துக்கும் அன்னதானச் சமையலுக்கும் இந்தக் கிணற்று நீரையே எடுத்து வந்தோம். குழாயில் நீர் வராத நாள்களில் கீழ்வரிசை வீட்டார் வாளியோடு இங்கேதான் வந்து நிற்பார்கள். சென்ற அக்டோபர் மழைக்குப் பிறகு, நீர் இறைத்த பெண்கள் வாளியில் பெட்ரோல் வாடை வீசுவதாகச் சொன்னார்கள். நானும் முகர்ந்து பார்த்தேன், உண்மைதான். அன்றே கிணற்றைப் பலகையால் மூடிவிட்டோம்.

அதன்பின் ஒரே ஒரு சோதனை நடந்தது. பழைய மினரல் வாட்டர் போத்தலில் முக்கால் பங்கு நீர் பிடிக்கப்பட்டு, அது வெயிலில் நின்ற காரில் நெடுநேரம் கிடந்து, பிறகு ஆய்வகத்துக்குச் சென்றது. 'கண்டறியப்படவில்லை' என்று பதில் வந்தது. பெட்ரோலிலிருந்து நீரில் கரையும் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவை எளிதில் ஆவியாகும் பொருள்கள். இவற்றைத் தேடுவோர் 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நீரை நிரப்பி, சிறிது அமிலம் சேர்த்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 14 நாள்களுக்குள் ஆய்வை முடிக்க வேண்டும். எங்கள் போத்தலின் காலியிடத்துக்கு ஆவியாகப் போனதை எந்தக் கருவியும் நீரில் கண்டிருக்க முடியாது. ஆகவே அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை.

நீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்றும் சிலர் ஆறுதல் சொன்னார்கள். கொதிக்கும் நீரிலிருந்து வெளியேறும் பென்சீன் அடுப்படிக் காற்றில் கலந்து, சமைப்பவரின் மூச்சில்தான் போய்ச் சேரும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்படுத்தப்பட்ட இதற்கு, உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. பெட்ரோலில் 1 விழுக்காடு பென்சீன் இருப்பதாகக் கொண்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் ஏறத்தாழ 750,000 லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுவரப் போதும். கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவையும் நாங்கள் அஞ்சுவது இதனால்தான்.

எங்கள் வேண்டுகோள் இதுதான்: நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடையே நிலத்தடி நீர்ச் சோதனைக் கிணறுகளை அமையுங்கள். மேற்பரப்பின் சரிவைப் பார்த்து நிலத்தடி நீர் ஓடும் திசையை உறுதிசெய்ய முடியாது. ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தையாவது ஒப்பிட்டால்தான் அது தெரியும். பெட்ரோல் நீரின் மேல் மிதப்பதால், சோதனைக் கிணற்றில் இறக்கும் குழாயின் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுவதும் நீருக்கடியில் புதைந்துவிட்டால் மிதக்கும் படலம் குழாய்க்குள் வராமலே போய்விடும். இவற்றோடு நிலையத்துக்கு மேற்புறத்திலும் ஒரு கிணறு வேண்டும். ஏனெனில் அந்த மேட்டுக்கு அப்பால் பழைய தோட்டத்து டீசல் கிடங்கு இருந்ததை எங்கள் மூத்தோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். வாடை அங்கிருந்து வந்திருந்தால் நிலையத்தார்மீது பழி சுமத்துவது நியாயமாகாது. பெட்ரோலையும் டீசலையும் ஆய்வகத்தால் பிரித்தறிய முடியும்.

ஒருமுறை நீர் எடுத்துவிட்டு இந்த விவகாரத்தின் கோப்பினை மூடிவிட வேண்டாம். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது மண்ணில் ஒட்டிய எண்ணெய் மீண்டும் மீண்டும் கழுவப்படுகிறது; ஒரு மாதம் தெளிவாக இருக்கும் கிணறு அடுத்த மாதம் நாறக்கூடும். எனவே முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, ஜனவரி பிப்ரவரி வறட்சியையும் செப்டம்பர் அக்டோபர் மழையையும் தவறவிடாமல், மாதிரி எடுக்கப்பட வேண்டும். மாசடைந்த நிலங்கள் பற்றி 2009இல் சுற்றுச்சூழல் துறையே வழிகாட்டிகளை வெளியிட்டுள்ளது. முடிவுகளை அவற்றின் அளவுகளோடு ஒப்பிட்டு, தமிழிலும் மலாயிலும் கோயில் பலகையில் ஒட்டுங்கள். தொட்டிகளின் அன்றாட இருப்புக் கணக்கையும், தொட்டி, குழாய்களின் கசிவுச் சோதனை அறிக்கைகளையும் உடனே பார்வையிடுங்கள். கசிவு நிலையத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால், எரிபொருள் விற்றுப் பொருள் ஈட்டுவோரே செலவை ஏற்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

துளையிடும் இயந்திரம் நிற்பதற்குக் கோயிலின் பின்புறத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம். கிணற்று மூடியின் சாவி நிர்வாகக் குழுவிடம் உள்ளது. எந்த வேலை நாளில் வந்தாலும் திறந்துவிட ஆள் இருப்பார்.

இப்படிக்கு,
கிணற்று நீரைப் பயன்படுத்தி வந்த குடும்பங்களின் சார்பில்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்