தேன்பெட்டிக்கு மூச்சுவிட வழி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமைத் தோட்டப் பக்கத்தில், பனி தொடங்குமுன் தேன்பெட்டிகளைக் காற்றுப் புகாமல் பொலித்தீனால் சுற்றிக் கட்டச் சொல்லியிருந்தீர்கள். அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் அப்படிக் கட்டியே ஒரு தேனீக் கூட்டத்தை முழுதாகப் பறிகொடுத்தவன் நான். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்ராறியோவில் ஓவன் சவுண்டுக்குத் தெற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் காணி. வீட்டுக்குப் பின்னால் உள்ளிப் பாத்தி, றாஸ்பெரிப் பற்றை, வேலியோரம் ஐந்து தேன்பெட்டிகள். ஹியூரன் ஏரியைத் தாண்டி வரும் காற்று பனியை வாரிக் கொட்டும் ஊர் இது. தை மாதத்தில் கீழ்ப்பெட்டி பனிக்குள் புதைந்துவிடும்.

முதல் வருடம் ஈக்கள் குளிரில் விறைத்துப் போகுமே என்று பயந்து, மேல் துவாரத்தைத் துணியால் அடைத்து, பொலித்தீனால் இறுக்கிக் கட்டினேன். பங்குனிக் கடைசியில் மூடியைத் தூக்கியபோது உட்புறத்திலிருந்து தண்ணீர் என் கையில் சொட்டியது. தேனடை கட்டும் மரச்சட்டங்களில் சாம்பல் நிறப் பூஞ்சணம். நடுச் சட்டத்தில் தேங்காய்ப் பாதி அளவுக்கு ஈக்கள், வெற்று அறைகளுக்குள் தலையை நுழைத்தபடி, நனைந்து செத்துக் கிடந்தன. இரண்டு சட்டம் தள்ளி, மெழுகு மூடி உடையாத தேன் அப்படியே இருந்தது. அந்தத் தேனை எங்கள் வீட்டில் ஒருவரும் தொடவில்லை.

குளிர்காலத்தில் ஈக்கள் தூங்குவதில்லை. ராணியை நடுவில் வைத்துப் பந்தாகத் திரண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுக்கிச் சூடு உண்டாக்குகின்றன. கோடையில் ஆறு கிழமை வாழும் வேலைக்கார ஈ, இந்தக் காலத்தில் ஐந்தாறு மாதம் தாக்குப்பிடிக்கும். அதற்குத் தேன்தான் விறகு. பெட்டிக்கு 35 கிலோ விட்டுவைத்துத்தான் மிச்சத்தை நான் எடுப்பேன். தேனைத் தின்னத் தின்ன நீராவி எழும்பும். அது குளிர்ந்த மூடியில் பட்டுத் தண்ணீராகி, அவற்றின் மேலேயே சொட்டும். உலர்ந்த ஈ கடுங்குளிரையும் தாங்கிவிடும், நனைந்த ஈயால் முடியாது.

அதனால் இப்போது மூடிக்குக் கீழே தடித்த நுரைப்பலகை வைக்கிறேன். மேல் துவாரத்தைத் திறந்தே விடுகிறேன். பெட்டியைச் சுற்றிக் குவியும் பனியை அள்ளுவதில்லை, அதுவும் ஒரு போர்வைதான். வாசலில் இறுகும் ஐஸையும் செத்த ஈக்களையும் மட்டும் ஒரு குச்சியால் இழுத்துவிடுவேன். பெட்டியில் தட்டுவதே இல்லை. காதைப் பலகையில் வைத்தால் போதும், உலை கொதிக்கத் தொடங்குமுன் எழும் இரைச்சல்போல் உள்ளே கேட்கும். அது கேட்கும் நாளில் எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

வெயில் ஏறும் நாளில் ஈக்கள் வெளியே பறந்து மலம் கழித்துவிட்டு வரும். பனியில் மஞ்சள் புள்ளிகளைக் கண்டால் நோய் என்று பதறவேண்டாம்.

இன்னொன்றையும் உங்கள் பக்கம் சொல்லாமல் விட்டிருந்தது. குளிரைவிடப் பெரிய எதிரி, தேனீக்களின் உடலில் ஒட்டி வாழும் வறோவா உண்ணி. 2021–22 குளிர்காலத்தில் கனடா முழுவதும் ஏறக்குறைய 45 சதவீதக் கூட்டங்கள் அழிந்தபோது, வளர்ப்பவர்கள் முதலில் கைகாட்டியது அதைத்தான். ஆவணி, புரட்டாசியிலேயே மருந்து வைக்காவிட்டால், குளிர்காலத்தைத் தாண்டவேண்டிய ஈக்களே நோஞ்சானாகத்தான் பிறக்கும். அதன்பிறகு எதைச் சுற்றியும் பயனில்லை.

றாஸ்பெரித் தண்டுகளை அடியோடு வெட்டிப் பையில் கட்டச் சொன்னதையும் தயவுசெய்து மாற்றுங்கள். அந்தத் தண்டின் நடுவிலுள்ள மென்மையான சோற்றுக்குள்தான் இந்த மண்ணுக்கே உரிய சில சின்னத் தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நான் சித்திரை கழிந்தபின்தான் கத்தரிக்கோலை எடுப்பேன்.

எங்கள் பக்கம் முதல் பனி விழுந்துவிட்டது. புதிதாகக் காணி வாங்கிப் பெட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இந்தச் சனி, ஞாயிறில்தான் கட்டப்போகிறார்கள். அடுத்த இதழிலேயே, முடிந்தால் அதற்கு முன்பே உங்கள் இணையப் பக்கத்தில், மேல் துவாரத்தை அடைக்கவேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
கிரே கவுண்டி, ஒன்ராறியோ