அந்த பிளகின் கோப்பை அழித்துவிடு

அன்புள்ள முரளி,

பதில் தாமதம்தான். திட்ட வேண்டியதை நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். இனி உன் ஃபெடோரா லினக்ஸ் கணினியில் பயர்பாக்ஸ் சில வீடியோக்களை ஓட்டாத கதை.

அதற்காகப் பழைய ஃபிளாஷ் பிளகின் (உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்) கோப்பைத் தேடிப்பிடித்து மொசில்லா பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டிருக்கிறாயே, செல்வா சொன்ன யோசனையா? அவன் இன்னும் 2010-லேயே குடித்தனம் நடத்துகிறான். பயர்பாக்ஸ் 2017-இல் 52-ஆம் பதிப்பிலேயே ஃபிளாஷ் தவிர மற்ற பிளகின்களை எல்லாம் நிறுத்தியது. 2021 ஜனவரியில் 85-ஆம் பதிப்போடு ஃபிளாஷும் போயிற்று. அந்த ஃபோல்டரை இன்று யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கோப்பை அழித்துவிடு.

உன் சிக்கல் கோடெக், அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் நிரல். முகவரிப் பட்டையில் அபவுட்:சப்போர்ட் என்று தட்டு. மீடியா பகுதியில் கோடெக் அட்டவணை இருக்கும், அதில் எச்.264 என்ற வீடியோ வடிவத்தின் வரிசையைப் பார். விபி9, ஏவி1 என்ற மற்ற இரண்டு வடிவங்களையும் பயர்பாக்ஸ் தானே பார்த்துக்கொள்ளும். எச்.264 என்றால் லினக்ஸில் அது கணினியிலுள்ள எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் லிப்ஏவிகோடெக் லைப்ரரியைத்தான் கூப்பிடும். ஃபெடோரா தருவதோ எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ. காப்புரிமைத் தொல்லைக்குப் பயந்து எச்.264-இன் சொந்த டிகோடரை எடுத்துவிட்ட பொட்டலம் அது. ஓப்பன்எச்264 என்ற மாற்று டிகோடர் இருந்தால் ஓரளவு சமாளிக்கும், அவ்வளவுதான். ஒரு தளத்தில் படம் ஓடி, அடுத்ததில் கறுப்புக் கட்டம் தெரிவது இதனால்தான்.

ஃபெடோரா தராத பொட்டலங்களைத் தரும் ஆர்பிஎம் ஃப்யூஷனின் ஃப்ரீ களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டு, டிஎன்எஃப் ஸ்வாப் கட்டளையால் எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீயை எடுத்து முழு எஃப்எஃப்எம்பெக்கை வை. மோதும் பொட்டலங்களை நீக்க அனுமதிக்கும் அலவ்-இரேசிங்கை (--allowerasing) அதோடு சேர்க்க மறக்காதே. இல்லாவிட்டால் சார்புகள் மோதிக்கொண்டு கட்டளை பாதியில் நின்றுவிடும். பிறகு பயர்பாக்ஸை முழுக்க மூடித் திற. டேபை மூடினால் போதாது, லைப்ரரியை ஒருமுறைதான் தேடும். நீ வைத்திருப்பது ஃபிளாட்பாக் பயர்பாக்ஸ் (தனிப்பெட்டிக்குள் ஓடும் பொட்டலம்) என்றால் இதெல்லாம் வீண் வேலை: அது கணினியின் லைப்ரரியைப் பார்க்கவே பார்க்காது.

இன்னொரு வம்பும் உண்டு. லிப்ஏவிகோடெக்கின் எந்தெந்தப் பதிப்பு எண்களைத் தேடுவது என்று ஒரு பட்டியல் பயர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 58 என்றால் எஃப்எஃப்எம்பெக் 4, 59 என்றால் 5, 60 என்றால் 6. எஃப்எஃப்எம்பெக் புதிது, பயர்பாக்ஸ் பழைய இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) என்றால், லைப்ரரி கண்ணெதிரே இருந்தாலும் எடுக்காது. கணினியிலுள்ள லைப்ரரிகளைக் காட்டும் எல்டிகான்ஃபிக் பட்டியலில் ஏவிகோடெக் என்று தேடினால் உன்னிடம் எந்த எண் என்பது தெரிந்துவிடும்.

கட்டணப் படங்கள் வேறு கதை. அமைப்புகளில் டிஆர்எம் (நகல் காப்புப் பூட்டு) இயக்கத்தை ஆன் செய்தால், அந்தப் பூட்டைத் திறக்கும் வைட்வைன் உன் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் தானே இறங்கும். ஆனால் நீ பாதுகாப்புப் பைத்தியம். ஹோம் பகுதியை நோஎக்ஸெக் (அங்குள்ள நிரல் ஓடத் தடை) போட்டு மவுன்ட் செய்திருப்பாய். அப்படியானால் கோப்பு இறங்கியும் லோட் ஆகாது. மவுன்ட் அமைப்புக் கோப்பான எஃப்எஸ்டேப்பில் அந்த நோஎக்ஸெக்கை எடுத்துவிட்டு மறுபடி மவுன்ட் செய்.

படம் வந்து சத்தம் மட்டும் வராவிட்டால் ஒலியைக் கையாளும் பைப்வயர்-பல்ஸ் ஓடுகிறதா பார்.

இவ்வளவு செய்தும் மசியவில்லை என்றால் அந்தக் கோடெக் அட்டவணையை அப்படியே அனுப்பு. செல்வாவிடம் மட்டும் கேட்காதே.

உன்,
ரகு