கேமரா இல்லாத மைதானத்திலும் விசிலுக்கு மதிப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில், வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர். முறை இந்தியக் கால்பந்துக்கும் உடனே வர வேண்டும் என்று வந்த கட்டுரையைப் படித்தேன். வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது வராத இடத்தில், அதாவது மதுரையைச் சுற்றியுள்ள பள்ளி மைதானங்களிலும் ஊர்ப் பொட்டல்களிலும், அது ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பல வருடமாக இந்தப் பக்கம் விசில் ஊதி வருபவன் என்ற முறையில் அதைச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் கத்தாரின் தோஹாவில் நடந்தது. 2024 ஜூன் 11 அன்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கத்தாரை எதிர்த்து நாம் 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். 73-வது நிமிடத்தில் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் கீழே கிடக்கிறார். வெளியே போன பந்தை உள்ளே இழுத்துக் கத்தார்க்காரர்கள் கோல் அடித்தார்கள். நடுவர் கோல் என்றே கொடுத்துவிட்டார். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. கடைசியில் 2-1 என்று தோற்று வெளியேறினோம். ஜெயித்திருந்தால் மூன்றாவது சுற்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொல்ல ஒரு கேமரா போதும். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லேம்பார்டு அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்தும் கோல் கிடைக்காமல் போனது. பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்று சொல்லும் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு 2012-ல் அனுமதி கிடைக்க அந்த ஒரு பந்து பெரிய காரணம். ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான்.

இங்கே நடப்பது வேறு. எட்டாம் வகுப்புப் பையன்கூட பெனால்டிக்கு விசில் ஊதியதும் இரண்டு ஆள்காட்டி விரலாலும் காற்றில் டி.வி. பெட்டி வரைந்து, வீடியோ பாருங்கள் என்று காட்டுகிறான். அந்த மைதானத்தில் காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடே மதியத்துக்குள் பாதி அழிந்திருக்கும். கேமரா எங்கிருந்து வரும்? அப்புறம் யாராவது ஒருவரின் அண்ணன் கைப்பேசியோடு உள்ளே வருவார். போன வருடம் ஒரு பள்ளி ஆட்டத்தில் அப்படித்தான் ஆஃப்சைடு வீடியோ ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். வெயிலில் திரை தெரியவில்லை. சட்டையால் மறைத்துக்கொண்டு பார்த்தால், மையக் கோட்டுப் பக்கம் உட்கார்ந்து எடுத்த படம். தன் அணி ஆள் பந்தை உதைக்கும் நொடியில், பந்தையும் எதிரணியின் (கோல்கீப்பரையும் சேர்த்து) கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்பதுதான் ஆஃப்சைடு. அந்தத் தடுப்பாட்டக்காரருக்கு நேர்க்கோட்டில் நின்று பார்த்தால்தான் அது சரியாகத் தெரியும். பத்தடி பின்னால் இருந்து சாய்வாக எடுத்தால் சரியாக நிற்பவனும் முன்னால் நிற்பதுபோலத் தெரியலாம். இதை அங்கே நின்று விளக்க முடியுமா? சுற்றி நாற்பது பேர் கத்துகிறார்கள். 2022 உலகக் கோப்பையில் இதே வேலைக்கு மைதானக் கூரைக்கடியில் 12 கேமராக்கள் வைத்தார்கள். ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிவு செய்தார்கள். பந்துக்குள்ளேயே சென்சார் இருந்தது. அதற்கும் அந்த அண்ணனின் கைப்பேசிக்கும் உள்ள தூரத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை. வி.ஏ.ஆர். எல்லாவற்றுக்கும் கிடையாது. 2018-ல் விதிப் புத்தகத்தில் சேர்த்தபோதே நான்கு விஷயங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி சிவப்பு அட்டை, தவறான ஆளுக்கு அட்டை காட்டியது. அதிலும் கண்கூடான தவறு என்றால்தான் தலையிட வேண்டும். டி.வி. சைகையை அளவுக்கு மீறிக் காட்டினால் மஞ்சள் அட்டை என்று விதி 12-லேயே இருக்கிறது. ஒரு பயிற்சியாளரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா சார்?" என்று கேட்டார். பயிற்சியாளருக்கே தெரியாதபோது பையனை என்ன சொல்வது?

அத்தனை கேமரா இருந்தும் பிழை நடக்கிறது என்பதையும் எழுதியிருக்கலாம். 2023 செப்டம்பர் 30, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் டாட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் டயஸ் அடித்தது நல்ல கோல். மைதானத்தில் ஆஃப்சைடு என்று கொடி தூக்கியிருந்தார்கள். வீடியோ அறையில் இருந்தவர்களோ கோல் கொடுத்துவிட்டதாக நினைத்து, "பார்த்தாச்சு, சரி" என்கிற மாதிரி சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் திரும்பிப் போக விதியில் இடமில்லை. படம் சரியாகத்தான் இருந்தது, பேசிக்கொண்டதில்தான் கோளாறு. கேமரா வாங்கப் பணம் ஒதுக்குவதற்கு முன் நடுவர்களைத் தயார் செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெளிப்படையாகச் சொல்வதும் முக்கியம். வெளிநாட்டு ஆட்டங்களில் மூன்று நான்கு நிமிடம் எல்லோரும் காத்து நிற்க, டிக்கெட் வாங்கி வந்தவருக்குத்தான் என்ன பார்க்கிறார்கள் என்றே தெரிவதில்லை. கோல் விழுந்ததும் கத்துவதா வேண்டாமா என்று யோசிக்கிற நிலைமைக்கு ரசிகரைக் கொண்டுவந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அலங்காநல்லூரில் மாடு பிடிபட்டதா, மாடு ஜெயித்ததா என்று கமிட்டி மைக்கில் கையோடு சொல்லிவிடுகிறது. தடுப்புக்கு வெளியே நிற்கிற கூட்டத்துக்கும் கேட்கும். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் நடுவரே மைக்கில் முடிவை அறிவித்தார். நாம் கொண்டுவந்தால் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருக்க வேண்டும்.

செலவு குறைந்த வழியும் இருக்கிறது. பயிற்சியாளர் ஆட்டத்துக்கு இரண்டு முறை மேல்முறையீடு செய்யலாம். தனி வீடியோ அறை வேண்டாம், நடுவரே ஓரத்துத் திரையில் பார்த்து முடிவு சொல்வார். 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் இதைப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டுக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். போன்ற போட்டிக்கு இது பொருந்தும்.

ஆனால் எங்கள் ஊர் டோர்னமெண்டுகளுக்கு அதுவும் எட்டாது. எங்களுக்குத் தேவை ஓரக் கோட்டில் நின்று கொடி பிடிக்கத் தெரிந்த இரண்டு லைன்ஸ்மேன்கள். இன்றைக்கு அந்த நேரத்தில் ஆட்டம் இல்லாத டீமிலிருந்து இரண்டு பையன்களைக் கூப்பிட்டுக் கொடியைக் கையில் கொடுக்கிறோம். அவர்களுக்குப் பந்து மேல்தான் கண் போகும், தடுப்பாட்டக்காரர் மேல் போகாது. புதிதாக நடுவராக வந்த இளைஞர்கள் இரண்டு சீசனில் விட்டுவிட்டுப் போகிறார்கள். திட்டு வாங்கவா வந்தோம் என்கிறார்கள். மாவட்ட அளவில் கோடை விடுமுறையில் ஒரு வாரம் லைன்ஸ்மேன் பயிற்சி வைத்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

தங்கள் பத்திரிகையால் ஒன்று செய்ய முடியும். விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஒரு விதியைப் படத்தோடு போடுங்கள். ஆஃப்சைடில் ஆரம்பித்து, ஹேண்ட்பால், அப்புறம் அந்த டி.வி. சைகை. பள்ளி நூலகங்களில் உங்கள் இதழ் கிடக்கிறது, பிள்ளைகள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறார்கள். பள்ளிப் போட்டிகள் தொடங்குவதற்கு முன்பே வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
கால்பந்து நடுவர் ஒருவர்,
திருநகர், மதுரை.