தமிழ் பாட்காஸ்ட் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். ‘சுகர் என்பதே வியாபாரம், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்’ என்று உங்களில் ஒருவருடைய நிகழ்ச்சியில் ஒரு விருந்தினர் பேசினார். எந்த நிகழ்ச்சி என்று சொல்லப்போவதில்லை. நம்முடையதோ என்று உங்களில் பலருக்குத் தோன்றும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பவள் நான். என் பகுதியில் ஒரு பெரியவர், கைத்தறி நெசவாளி. மாதாமாதம் சிரித்தபடி மாத்திரையை வாங்கிக்கொள்வார். ஒருநாள் அவர் மருமகள் பீரோவைத் திறந்து காட்டினாள். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கிக் கிடந்தன. வெயிலில் நடந்து வருகிறேனே, மனசு நோகக் கூடாது என்றுதான் வாங்கிக்கொண்டாராம். அந்தப் பேட்டியைப் பார்த்ததிலிருந்து கஷாயம் மட்டும்தான். காலில் உணர்ச்சி குறைந்துபோனதால் செருப்பு கடித்த புண் தெரியவேயில்லை. பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். தறி மிதிக்கிற கால். ஏன் ஐயா என்று கேட்டதற்கு, “அந்தத் தம்பி படிச்ச புள்ளம்மா. தப்புன்னா அவரே கேட்டிருப்பாரே” என்றார்.

அவர் நம்பியது உங்களைத்தான். ‘கருத்துகள் விருந்தினருடையவை’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டால் ஆயிற்றா? தம்ப்நெயிலில் ‘டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்’ என்று எழுதியது யார்? அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் வெட்டி ஷார்ட்ஸ் ஆக்கியது யார்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று: தவறான மருத்துவத் தகவல் உங்கள் நிகழ்ச்சியில் வந்துவிட்டால், அதே சேனலில், அதே அளவு கண்ணில் படும்படி திருத்தம் போடுங்கள்.

சுகரைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் வந்துவிட்டது. பேட்டி என்று பேர் வைத்துவிட்டால் கேட்க ஆளில்லை போலிருக்கிறது. 2018ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் இறந்தபோது கொஞ்ச நாள் எல்லோரும் கொதித்தோம். பொய் விளம்பரத்தில் வரும் பிரபலங்களுக்கும் பொறுப்பு உண்டு என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிப் பார்த்தது. அதெல்லாம் இருக்கட்டும், சுகரை ஒரே கஷாயத்தில் ஒழித்தவர் உங்கள் ஸ்டுடியோவுக்கு ஏன் வருகிறார்? நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோமுக்கல்லவா போயிருக்க வேண்டும்!

கோபத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்தம் போடுங்கள் என்றுதான் தயவாகக் கேட்கிறேன். அதையும் ஷார்ட்ஸாகவே போடுங்கள். இங்கே யாரும் இரண்டு மணி நேரப் பேட்டியை முழுசாகப் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஒருவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், ‘நிறுத்தினவங்க இப்போ எப்படி இருக்காங்க?’ என்று அங்கேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர்