கோவை சைவ ஓட்டல்களின் கதை 1968-இல் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையின் பழைய சைவ ஓட்டல்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். மகாதேவ ஐயர் 1948-இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ், தாமோதரசாமி நாயுடு 1968-இல் தொடங்கிய அன்னபூர்ணா, இரண்டுக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் இந்த ஊருக்குச் சோறு போட்ட காபி கிளப்புகளை, அதாவது அந்தக் காலத்துச் சிறு சைவ ஓட்டல்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

போத்தனூருக்கு 1862-இல் ரயில் வந்தது. 1873-இல் மேட்டுப்பாளையம் பாதை போட்டபோது கோவை நகரத்துக்குள்ளும் வந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் என்ற நூற்பாலை எழும்பியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் சிங்காநல்லூர், பீளமேடு பக்கமெல்லாம் மில்லாகவே ஆனது. ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிறவர்கள் எங்கே சாப்பிடுவார்கள்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த பாலக்காட்டுக்காரர்களும் உடுப்பிக்காரர்களும் அடுப்பு மூட்டினார்கள். நாம் இன்று கொண்டாடும் சாம்பாரும் சட்னியும் அந்த அடுப்பில் வந்தவை.

கட்டுரையாளர் அதைக் கொங்குச் சுவை என்று எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு நம் வீடுகளில் கம்பும் ராகியும் சோளமும்தான். இட்லி என்றால் தீபாவளி வர வேண்டும், இல்லை ஊர்த் திருவிழாவான நோம்பி வர வேண்டும். அரிசிம்பருப்புச் சோறும் சந்தகையும் ஒப்புட்டும் ஓட்டல் பலகையில் ஏறியது ரொம்பப் பின்னால். வெளியூரிலிருந்து வந்தவர்கள் சமைத்ததை நம் ஊர் ஏற்றுக்கொண்டது, பிறகு உள்ளூர்க்காரர்களும் அந்தத் தொழிலுக்கு வந்தார்கள். அன்னபூர்ணாவின் பெருமையே அந்த இடத்தில்தான் இருக்கிறது. முன்கதையைச் சொல்லாமல் விட்டால் அதுவும் புரியாது.

என் அப்பா மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் சாப்பிட்ட கிளப்பின் பற்று நோட்டு, அதாவது கடன் கணக்கு நோட்டு, இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். பக்கத்துக்குப் பக்கம் 'இ 2, கா 1' (இட்லி இரண்டு, காபி ஒன்று) என்று பென்சிலில் எழுதி, ஓரத்தில் அணாக் கணக்கு. சம்பளத்தன்று கடன் தீர்ந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு. சில மாதங்களில் கோடு இல்லை, பாக்கி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறது. அப்படியும் சாப்பாட்டை நிறுத்தவில்லை அந்தக் கல்லாக்காரர். கையில் காசில்லாத மாதத்திலும் மில்காரர்கள் பசியாறியது இந்த மாதிரி பற்றை நம்பித்தான்.

அதே சமயம், அந்தப் படியில் எல்லோரும் ஏற முடிந்ததா என்பதையும் எழுதத்தான் வேண்டும். 'பிராமணாள்' என்று பலகை மாட்டி, உள்ளே சாதிக்கொரு இடம் பிரித்த காலம் அது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளிலேயே தனி இடம் இருந்தது, 1941-இல்தான் ஒழிந்தது. அந்தப் பலகைகளை எதிர்த்து 1957-இல் சென்னையில் மறியல் நடத்திய பெரியார் நம் ஈரோட்டுக்காரர். அப்பாவோடு ஒரே பிரிவில் நூல் நூற்றவர்களில் சிலர் அந்தக் கிளப்புக்குள் போனதே இல்லை, வெளியே நின்று வாங்கிக் குடித்தார்கள் என்று அம்மா சொல்லுவார். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. அப்புறமும் நம் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை எத்தனையோ வருடம் தொடர்ந்தது. ருசியைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை விடுவது நியாயமில்லை.

அடுப்படியில் உழைத்தவர்களும் கட்டுரையில் இல்லை. விடியற்காலை இட்லிக்கு ராத்திரியெல்லாம் ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்கள், கை காய்த்துப்போனவர்கள். இதே கோவையில் சபாபதி என்பவர் 1955-இல் வெட் கிரைண்டரை உருவாக்கினார். இன்று கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தக் கல் சுழல ஆரம்பித்ததும் எத்தனை பேருடைய தோள்வலி போயிருக்கும்! சைவ ஓட்டல் கதையில் அதற்கு ஒரு தனி அத்தியாயமே கொடுக்கலாம்.

ஆகவே தாங்கள் இதைத் தொடராக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய சரக்கு மாஸ்டர்களும் (பலகாரம் போடும் சமையல்காரர்கள்) சர்வர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முதலாளி குடும்பங்களிடம் மட்டும் கேட்காமல் அவர்களையும் தேடிப் போய்க் கேளுங்கள். பில் புத்தகம், பெயர்ப்பலகை, போட்டோ எதுவானாலும் அனுப்பச் சொல்லி வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பும் போடுங்கள். அப்பாவின் பற்று நோட்டை நானே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளியின் மகன்,
சிங்காநல்லூர், கோவை.