ரிப்பன் வெட்டுத போட்டோ போதும் அண்ணாச்சி, படத்தைப் போடுங்க

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன வாரம் பாளையங்கோட்டைல பிள்ளைங்க வரைஞ்ச படத்தையெல்லாம் வச்சு ஒரு கண்காட்சி நடந்துச்சு, அது நம்ம பேப்பர்ல நியூஸா வந்ததுல ரொம்ப சந்தோஷம். ஆனா போட்டோல ரிப்பன் வெட்டுதவரு இருக்காரு, பக்கத்துல குத்துவிளக்கு இருக்கு, அவருக்குப் பின்னாடி ஒரு படம் பாதி தெரியுது, அதை யாரு வரைஞ்சான்னு பேரே இல்ல. சின்ன விஷயம்னு விட்டுராதிய, ஏன்னு சொல்லுதேன்.

எனக்குச் சொந்த ஊரு பாளையங்கோட்டைதான், 11 வருஷமா சென்னைல ஒரு ஆர்ட் கேலரில மார்க்கெட்டிங் வேலை பாக்கேன். கேட்லாக் எழுதுறது, புதுசா வரைய வந்த ஆளுங்களோட படத்தை வாங்குறவங்ககிட்ட கொண்டு போறது, அவங்க கேக்குத கேள்விக்குப் பதில் சொல்றது, இதான் பொழப்பு. தொடர்ந்து வாங்கிச் சேக்குறவங்களை நாங்க கலெக்டர்னு சொல்லுவோம்.

சோபா கலருக்கு மேட்சா படம் கேக்குறவங்க இருக்காங்க, ஒண்ணு வாங்குனா அதோட சரி. கலெக்டர் அப்படி இல்ல. ஒரு புது ஆளோட படம் பிடிச்சுப் போச்சுன்னா மொதல்ல கேக்குறது விலையை இல்ல, "இதுக்கு முன்னாடி என்ன பண்ணிருக்காங்க, மூணு வருஷத்து வேலையைக் காட்டுங்க"ன்னுதான். ஒரே ஒரு படம் யாருக்கும் நல்லா அமைஞ்சிரும், இருபது படத்துலயும் அதே கை தெரியுதா, படத்துக்குப் படம் ஒரு அடியாவது முன்னாடி போயிருக்கான்னு பாப்பாங்க. பொறவு இவங்களை இதுக்கு முன்னாடி யாரு கவனிச்சிருக்கா, பல பேரு படத்தைச் சேத்து வைக்கிற குரூப் ஷோவுக்கு யாரு தேர்ந்தெடுத்தா, எங்கயாவது நாலு வரி எழுதிருக்காங்களான்னு பாப்பாங்க. மூத்த ஓவியர் யாருக்காவது போன் போட்டு "உங்க காலேஜ்ல இப்ப யாரு நல்லா பண்ணுதா"ன்னு விசாரிக்கிறவங்களும் உண்டு. அதுக்கு அப்புறம்தான் விலை. போன வருஷம் 20,000, இந்த வருஷம் 25,000ன்னா ஒத்துக்குவாங்க, அதே சைஸ் படம் கேலரில 40,000, வீட்டுக்கு நேரா போய்க் கேட்டா 15,000ன்னு தெரிஞ்சா அந்த ஆள் பக்கமே திரும்ப மாட்டாங்க.

வீரவநல்லூர் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரில படிச்சது. தாமிரபரணி படித்துறைல துணி துவைக்கிற கல்லு இருக்குல்லா, ஆள் கிடையாது, துணி கிடையாது, வெறும் கல்லு, அதுல பாதி காஞ்ச ஈரம், அதையே திருப்பித் திருப்பி வரையும். பாத்தா சோப்பு வாசனை வரும், நான் சத்தியமா சொல்லுதேன். ரெண்டு படத்தை எங்க கேலரில வச்சோம். வழக்கமா வாங்குற டாக்டர் ஒருத்தர் வந்தாரு, பத்து நிமிஷம் நின்னாரு, ஃப்ரேமைக் கழட்டிப் பின்பக்கம் திருப்பினாரு. கேன்வாஸ் வெறுசா இருக்கு, பேரு, தலைப்பு, வருஷம் ஒண்ணும் இல்ல. போன் போட்டுக் கேட்டா "2021ஆ 2022ஆன்னு ஞாபகம் இல்லக்கா"ங்குது. பழைய படம் எங்கன்னா, மூணு யாரு யாருக்கோ கல்யாணத்துக்குக் குடுத்தாச்சு, ஒண்ணு பள்ளிக்கூடத்துல கரையான் அரிச்சுப் போச்சு, எதுக்கும் போட்டோ கிடையாது. டாக்டர் படத்தைப் பதனமா மாட்டிட்டு "நல்லா இருக்கு, அப்புறம் பாப்போம்"னாரு. எங்க தொழில்ல அதுக்கு அர்த்தம் வேண்டாம்னுதான்.

அடுத்த வாரமே அவரு சென்னைப் பையன் ஒருத்தன் படத்தை வாங்கினாரு. என் கண்ணுக்கு அந்தப் பொண்ணு வேலைக்கு அது பாதி கூட இல்ல. ஆனா அவன்கிட்ட ஃபைல் இருந்துச்சு, ஒவ்வொரு படத்துக்கும் நம்பர், வருஷம், அளவு, என்ன பெயிண்ட்டுன்னு எழுதி, அதோட பிளாஸ்டிக் கவர்ல ஒரு பேப்பர் கட்டிங். அதுல அவன் படம் முழுசா வந்திருக்கு, கீழ அவன் பேரு.

அதுக்குத்தான் அண்ணாச்சி இந்த லெட்டரே.

போன வருஷம் 2025 மார்ச்ல ஓவியர் எம்.எஃப். ஹுசைனோட ஒரு படம் நியூயார்க் ஏலத்துல சுமார் 118 கோடிக்குப் போச்சுல்லா, அது 1954ல வரைஞ்சது. டெல்லிக்கு வேலையா வந்த நார்வே டாக்டர் ஒருத்தர் அதே வருஷம் வாங்கினாரு, 1964ல ஆஸ்லோ ஆஸ்பத்திரிக்கு வந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் கணக்கு இருக்கு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கோவில்பட்டி நம்ம திருநெல்வேலி ஜில்லால இருந்த காலத்துல அங்க இருந்து கொண்டையராஜு வரைஞ்ச சாமி படம் காலண்டரா அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்குச்சு. ஓரத்துல அவரு பேரும் சேந்து அச்சாச்சு, அதான் இன்னிக்கும் அந்தப் பழைய காலண்டரைப் பேரு சொல்லித் தேடி வாங்குதாவ.

சட்டத்துலயும் வழி இருக்கு. காப்பிரைட் சட்டம் 53ஏ பிரிவுப்படி ஒரிஜினல் ஓவியம் பத்தாயிரத்துக்கு மேல மறுபடி கை மாறுச்சுன்னா வரைஞ்சவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். எந்தப் படம், எப்ப வரைஞ்சது, யாருக்குக் குடுத்ததுன்னே தெரியலன்னா அதை எப்படிக் கேக்க முடியும் சொல்லுங்க.

பிள்ளைங்களுக்கு நான் சொல்லுறது, படம் முடிஞ்ச அன்னிக்கே பின்னாடி பேரு வருஷம் எழுதிருங்க, பகல் வெளிச்சத்துல போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. கொச்சி பினாலேன்னு 2012ல ஆரம்பிச்ச பெரிய கலைக் கண்காட்சி ஒண்ணு இருக்கு, அது நடக்குறப்ப ராத்திரி திருநெல்வேலில பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறுனா காலையில எர்ணாகுளம், அந்தக் கண்காட்சில காலேஜ் பிள்ளைங்களுக்குன்னே தனியா ஒரு பிரிவு இருக்கு, நாடு பூராவும் இருந்து கலெக்டருங்க அங்க வாராங்க, ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க.

உங்ககிட்ட கேக்குறது கொஞ்சம்தான் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல நாலு விரல் இடம் குடுங்க, நம்ம பக்கத்துப் பிள்ளை ஒண்ணோட படம் முழுசா, கீழ பேரு, ஊரு, வருஷம், அளவு, எதுல வரைஞ்சது, அவ்வளவுதான். சிறப்பு விருந்தினர் போட்டோவையும் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. விவரம் சேத்து அனுப்புற வேலையைக் காசு வாங்காம நானே பாத்துக்கிடுதேன்.

போன மாசம் ஊருக்கு வந்தப்ப அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனேன். இருக்குற படம் எல்லாத்துக்கும் பின்னாடி மார்க்கர்ல வருஷம் எழுதிருக்கு. பேப்பர் கட்டிங் ஒட்டுறதுக்குன்னு ஒரு நீள நோட்டும் வாங்கி வச்சிருக்கு, அதுல இன்னும் ஒண்ணும் ஒட்டல.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகி