சிக்கனம் சுறாவின் தலையில் விடியக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குறைந்த செலவில் கடல் நீச்சல் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். கடலே இல்லாத வேலூர்க்காரர்களுக்கும் அந்த ஆசை உண்டு. அணைக்கட்டுப் பக்கம் தாத்தாவின் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவள் நான்.

பிலிப்பைன்ஸில் உள்ள ஓஸ்லோப்புக்குப் போனால் ஆளை ஒன்றும் செய்யாத பெரிய மீனான திமிங்கலச் சுறாவைக் கட்டாயம் பார்த்துவிடலாம், செலவும் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். ஏன் கட்டாயம் கிடைக்கிறது என்பதை எழுதவில்லை. அங்கே படகிலிருந்து பொடி இறாலை அள்ளிப் போட்டு அவற்றை வரவழைக்கிறார்கள். பெருங்கடல் முழுக்கச் சுற்ற வேண்டிய உயிர், தீனிக்காகப் படகைச் சுற்றிவருகிறது. படகைக் கண்டால் சோறு என்று பழகிய மீன், இயந்திரப் படகைக் கண்டு ஒதுங்குமா? அதே நாட்டில் டோன்சோலில் தீனி போடுவதில்லை. அங்கே சில நாள் ஒன்றும் பார்க்காமலே கரை திரும்ப நேரும். என்னைக் கேட்டால் அங்கேதான் போகச் சொல்வேன்.

போன வருடம் நானும் தம்பியும் காட்பாடியில் திருவனந்தபுரம் மெயில் ஏறி, அங்கிருந்து விமானத்தில் மாலத்தீவு போனோம். திகுரா தீவில் ஊர்க்காரர் ஒருவரின் விடுதியில் தங்கினோம். அதையொட்டிய தெற்கு ஆரி கடற்பகுதி 2009 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி; திமிங்கலச் சுறா வருடம் முழுக்க அங்கே தென்படும். ரயிலிலும் அறையிலும் மிச்சம் பிடித்தோம், சரி. படகிலும் மிச்சம் பிடித்ததுதான் தப்பு. முதல் நாள் போன படகில் இருபது பேருக்கு ஒரே வழிகாட்டி. சுறா தெரிந்ததும் அதன் தலைக்கு நேராகவே எல்லோரையும் குதிக்கச் சொன்னார். உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்ற விதியை யாரும் சொல்லித் தரவில்லை. சுறாவின் முதுகில், வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே பழைய வெட்டுத் தழும்பு. ஒரு நிமிடம்கூட இல்லை, ஆழத்துக்கு இறங்கிப் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து ஆறு பேர் போகும் படகில் போனோம். சத்தமில்லாமல் இறங்கி, பக்கவாட்டில் தள்ளியே நீந்தினோம். வேறொரு சுறா, வாயைத் திறந்து நீரை வடிகட்டி இரை எடுத்தபடி, வெகுநேரம் எங்களோடு நிதானமாக வந்தது.

இனி இப்படிக் கட்டுரை வெளியிடும்போது கட்டணத்தோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்து அச்சிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை அவை: தீனி போடுவீர்களா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?

இப்படிக்கு,
வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்.